வாட்ஸ்அப் சாட் உண்மையிலேயே ரகசியமா? திருப்பூர் வதந்தி முதல் ஐகோர்ட் வழக்கு வரை: முழு விளக்கம்

வாட்ஸ்அப்பில் புதிதாக ஒருவருடன் சாட் தொடங்கினால், மேலே சின்னப் பூட்டுப் படத்துடன் ஓர் அறிவிப்பு வரும். இந்த சாட்டில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும், வாட்ஸ்அப் நிறுவனம் உட்பட, இதைப் படிக்க முடியாது என்பதே அதன் சாரம். நம்மில் பலர் அதைப் படிக்காமலேயே ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போயிருப்போம்.

திருப்பூரில் பெரும்பகுதி வேலை அந்தப் பூட்டை நம்பித்தான் நடக்கிறது. சாயப்பட்டறையிலிருந்து வரும் ஷேட் போட்டோ, பையிங் ஆபீஸ் கேட்கும் விலை, ஜாப் ஒர்க் ரேட், ஷிப்மென்ட் தேதி, கான்ட்ராக்டர் போடும் சம்பளக் கணக்கு எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் ஓடுகின்றன. 2024-25 நிதியாண்டில் 40,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இது. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஊரில் இருக்கும் குடும்பத்தோடு பேசுவதும் இதில்தான். சூப்பர்வைசர் கொடுக்கும் தொல்லையைப் பற்றி ஒரு பெண் தன் தோழிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதும் இதில்தான்.

இதே திருப்பூரைத்தான் 2023 மார்ச்சில் போன் வழியே பரவிய பொய் வீடியோக்கள் உலுக்கின. "இதை முதலில் அனுப்பினது யாரு?" என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதற்கும் ஐந்து ஆண்டுகள் முன்பிருந்தே எதிர்கொண்ட கேள்வி அது. அதற்கு விடை சொல்லும்படி வாட்ஸ்அப்பை மாற்றினால், அந்தப் பெண்ணின் வாய்ஸ் மெசேஜுக்கு இருக்கும் பூட்டு என்னவாகும்?

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

இதற்குப் பெயர் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன். அனுப்புபவர் போனில் பூட்டி, பெறுபவர் போனில் மட்டும் திறப்பது.

திருப்பூர்க்காரர்களுக்குப் பழக்கமான ஒன்றை வைத்தே சொல்லலாம். பெருமாநல்லூர் பக்கம் ஒரு கம்பெனியில் கார்ட்டன்களை ஏற்றி, கண்டெய்னர் கதவை மூடி சீல் போடுறாங்க. வண்டி தூத்துக்குடி துறைமுகம் போய்ச் சேரும் வரை, உள்ளே இருப்பது டி-ஷர்ட்டா லெக்கின்ஸா என்று டிரைவருக்குப் பார்க்க வழியில்லை. உங்கள் மெசேஜும் இப்படித்தான் ஏர்டெல், ஜியோ நெட்வொர்க் வழியாகவும் வாட்ஸ்அப் சர்வர் வழியாகவும் சீல் போட்டுப் போகிறது.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கண்டெய்னர் சீலை கஸ்டம்ஸ் அதிகாரி உடைக்கலாம். வாட்ஸ்அப்பில் அப்படி ஓர் அதிகாரி கிடையாது. உங்கள் போன் தனக்குத்தானே ஒரு ஜோடி சாவி உருவாக்கிக்கொள்கிறது. பூட்டும் சாவி ஊருக்கே பொது. அதை சர்வரில் வைத்திருப்பார்கள். திறக்கும் சாவி போனை விட்டு வெளியே போகாது. போதாததற்கு, ஒவ்வொரு மெசேஜுக்கும் சாவி மாறிக்கொண்டே இருக்கும். இன்று ஒரு சாவி யாரிடமாவது சிக்கினாலும் அதை வைத்து நேற்றைய மெசேஜைத் திறக்க முடியாது.

சிக்னல் என்ற ஆப்பை உருவாக்கியவர்கள் வடிவமைத்த முறை இது. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் இதை எல்லா சாட்களுக்கும் கொண்டுவந்தது. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் நோண்டிப் பார்த்திருக்கிறார்கள். இந்தக் கணக்கை நேரடியாக உடைத்து மெசேஜைப் படித்ததாக நிரூபிக்கப்பட்ட சம்பவம் இல்லை. அப்படியானால் போலீஸ் கையிலும் டிவியிலும் வாட்ஸ்அப் சாட் வருவது எப்படி?

பூட்டுக்கு வெளியே ஒட்டியிருக்கும் லேபிள்

கண்டெய்னர் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டாலும், யார் அனுப்பியது, யாருக்குப் போகிறது, எத்தனை டன், எந்தத் தேதி என்பதெல்லாம் காகிதத்தில் இருக்கும். மெசேஜுக்கும் அதே கதை. உங்கள் எண், ஐபி முகவரி, என்ன போன், எந்த குரூப்பில் இருக்கிறீர்கள், யாரோடு எப்போது தொடர்பு கொண்டீர்கள் என்பன இந்த என்கிரிப்ஷனுக்குள் வராது. சட்டப்படி கேட்டால் வாட்ஸ்அப் இந்த மாதிரித் தகவல்களைத் தர முடியும், தந்தும் வருகிறது.

"இதுல என்ன பெருசா இருக்கு?" என்று தோன்றலாம். ஒரு மெர்ச்சண்டைசர் வேலையை விடுவதற்கு முந்தைய இரண்டு வாரம், தினமும் ராத்திரி 11 மணிக்குப் போட்டிக் கம்பெனி ஆளோடு 40 நிமிடம் வாட்ஸ்அப் காலில் பேசியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன பேசினார் என்று யாராவது விளக்க வேண்டுமா?

எல்லா ஆப்பும் இந்த லேபிளை ஒரே அளவில் சேர்த்து வைப்பதில்லை. 2016-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு கிராண்ட் ஜூரி சிக்னலுக்கு சம்மன் அனுப்பியது. சிக்னலால் கொடுக்க முடிந்தது இரண்டே தகவல்: அந்தக் கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது இணைந்தது. அவர்களிடம் இருந்ததே அவ்வளவுதான்.

டெலிகிராம் நேர் எதிர். அது பாதுகாப்பான ஆப் என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் பரவலாக இருக்கிறது. ஆனால் அதில் சாதாரண சாட்டுக்கு எண்ட்-டு-எண்ட் பூட்டே கிடையாது. 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் திறந்தால்தான் உண்டு. குரூப்புக்கு அதுவும் இல்லை. அதன் தலைவர் பாவெல் துரோவ் 2024 ஆகஸ்டில் பிரான்சில் கைதான பிறகு, சட்டப்படி கேட்டால் குற்றவாளிகளின் எண்ணையும் ஐபி முகவரியையும் தருவோம் என்று டெலிகிராம் தன் விதியை மாற்றிக்கொண்டது. பார்ட் டைம் வேலை, ரேட்டிங் போட்டால் காசு என்று ஆள் பிடிக்கும் மோசடி குரூப்கள் பல ஓடுவதும் இதில்தான்.

அசல் ஓட்டை: உங்கள் போன், எதிராளி போன்

மெசேஜ் வழியில்தான் பூட்டியிருக்கிறது. போன் திரையில் அது திறந்த புத்தகம். படிக்க வேண்டுமே, வேறு வழியில்லை. எனவே என்கிரிப்ஷனோடு மல்லுக்கட்ட யாரும் மெனக்கெடுவதில்லை. நேராக போனுக்கு வந்துவிடுகிறார்கள்.

2020-இல் நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் மரணத்தைத் தொடர்ந்து நடந்த போதைப்பொருள் விசாரணையில், பாலிவுட் பிரபலங்களின் பழைய வாட்ஸ்அப் சாட்களை டிவி சேனல்கள் போட்டி போட்டு ஓட்டின. வாட்ஸ்அப் உடைந்துவிட்டதா என்று நாடே கேட்டது. என்கிரிப்ஷன் அப்படியேதான் இருக்கிறது என்று நிறுவனம் விளக்கம் தர வேண்டியிருந்தது. விசாரணை அமைப்புக்கு போன் கிடைத்தால் போதும்; அதில் இருப்பதை அப்படியே பிரதி எடுக்கும் தடயவியல் கருவிகள் இருக்கின்றன. போன் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நீங்கள் அனுப்பியது எதிராளி போனிலும் இருக்கிறதே.

அடுத்தது பேக்கப். பல ஆண்டுகளாக வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ எண்ட்-டு-எண்ட் பூட்டு இல்லாமல்தான் உட்கார்ந்திருந்தது. 2021 அக்டோபரில் அதற்கும் பூட்டு போடும் வசதி வந்தது. ஆனால் அதை நீங்களாகப் போய் ஆன் செய்ய வேண்டும். நீங்கள் ஆன் செய்து, உங்கள் பையர் செய்யாமல் விட்டால், அவர் பேக்கப்பில் உங்கள் விலைப் பட்டியல் பூட்டில்லாமல் கிடக்கும். குரூப்பில் 200 பேர் இருந்தால் 200 பேருடைய பேக்கப்பையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

மூன்றாவது, ஆபீஸ் கம்ப்யூட்டர். திருப்பூரில் எத்தனையோ கம்பெனிகளில் மெர்ச்சண்டைசிங் ரூமில் காலையில் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து திறந்த வாட்ஸ்அப் வெப், ராத்திரி வரை திறந்தே இருக்கும். டீக்குப் போனாலும் மூடுவதில்லை. வேலையை விட்டுப் போன ஆளின் கணக்குகூடத் திறந்தே கிடப்பதுண்டு. இதைப் படிக்க ஹேக்கர் தேவையா என்ன? பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரே போதும். ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண் தொழிலாளியின் போனை "கொஞ்சம் குடு, பாட்டு கேட்டுட்டுத் தரேன்" என்று வாங்கி, இரண்டு நிமிடத்தில் தன் போனையே 'லிங்க்டு டிவைஸ்' ஆகச் சேர்த்துக்கொள்ளவும் முடியும். அதன் பிறகு அவருடைய ஒவ்வொரு மெசேஜும், பூட்டு துளியும் உடையாமலேயே, இரண்டு இடத்துக்குப் போகும்.

நான்காவது, சிம். வெளிமாநிலத் தொழிலாளர்கள் பலர் ஊருக்குப் போய்த் திரும்பும்போது சிம் மாற்றுகிறார்கள். பழைய எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டு, ஆனால் வாட்ஸ்அப்பை மட்டும் அதே பழைய எண்ணில் வைஃபையில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது இந்திய விதி. எண்ணை வாங்கிய புதியவர் அதில் வாட்ஸ்அப் தொடங்கினால் பழையவர் வெளியே தள்ளப்படுவார்; பழையவர் இருந்த குரூப்களுக்கு இனி வரும் மெசேஜ் புதியவருக்குப் போகக்கூடும். மெசேஜிங் ஆப், அந்த எண்ணுக்கான சிம் போனில் இருந்தால்தான் ஓட வேண்டும், கம்ப்யூட்டரில் திறந்த கணக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக வெளியேற வேண்டும் என்று 2025 நவம்பர் 28-இல் மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. மோசடியைத் தடுக்கப் போட்ட உத்தரவுதான். ஆனால் அது கை வைப்பது இந்த இரண்டு ஓட்டைகளிலும்தான்.

ஐந்தாவது, உளவு மென்பொருள். 2019-இல் இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்தின் பெகாசஸ், வாட்ஸ்அப் காலில் இருந்த ஒரு குறை வழியே உலகம் முழுக்க சுமார் 1,400 போன்களுக்குள் நுழைய முயன்றது. போனை எடுக்கக்கூட வேண்டாம், மிஸ்டு கால் போதும். இந்தியர்களும் அதில் இருந்தார்கள். 2021-இல் வெளியான இலக்குப் பட்டியலில் மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி உள்ளிட்ட தமிழ்நாட்டுக்காரர்களின் எண்களும் இருந்ததாக 'தி வயர்' எழுதியது. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்து, ஐந்தில் தீங்கான மென்பொருள் இருந்தது, ஆனால் அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று 2022 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. வாட்ஸ்அப் தொடர்ந்த வழக்கில் 2025 மே மாதம் கலிபோர்னியா நடுவர் குழு என்எஸ்ஓவுக்கு 16 கோடி டாலருக்கு மேல் தண்டத் தொகை விதித்தது. பிறகு நீதிபதி தொகையைப் பெருமளவு குறைத்தாலும், வாட்ஸ்அப் பக்கமே வரக் கூடாது என்று நிரந்தரத் தடை போட்டார்.

ஒரு டெய்லர் அண்ணன் போனுக்குப் பெகாசஸ் வராது. அது விலை உயர்ந்த ஆயுதம். அவருக்கு வருவது கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம், வங்கி கேஒய்சி என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல். அதை இன்ஸ்டால் செய்து, கேட்கிற அனுமதியெல்லாம் கொடுத்தால் எஸ்எம்எஸ், ஓடிபி, சில சமயம் திரை முழுக்கவும் வேறொருவர் கைக்குப் போய்விடும். எண்ட்-டு-எண்ட் பூட்டு இங்கே ஒரு தமாஷான வேலை செய்கிறது: அந்த மோசடி ஃபைலையும் வழியில் யாரும் பார்க்காதபடி பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கிறது.

2023 மார்ச்சில் நடந்தது என்ன?

தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தேடித் தேடித் தாக்குகிறார்கள் என்று சொல்லி வீடியோக்கள் பரவின. இவை பொய் என்று அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு வீடியோ வெளியிட்டு விளக்கினார். பரவியதில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் இரு தரப்பாக மோதிக்கொண்டது. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை. ஆனால் அதற்குள் பயம் பரவிவிட்டது. மார்ச் 8 ஹோலி வேறு. ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தவர்களும், பயந்து கிளம்பியவர்களும் ரயில் நிலையத்தில் கலந்து நின்றார்கள். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூர், கோவை வந்து தொழிலாளர்களிடம் பேசியது. ஆள் இல்லாமல் மிஷின் நின்றால் ஷிப்மென்ட் நிற்கும் ஊரில் அந்த ஒரு வாரம் எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வதந்தி உயிரையே எடுத்த கதையும் தமிழ்நாட்டில் உண்டு. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குழந்தை கடத்தும் கும்பல் என்று வாட்ஸ்அப்பில் பரவிய பேச்சை நம்பிய கூட்டம், காரில் வந்த ஒரு குடும்பத்தைத் தாக்கியது. சென்னையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். ஆகவே முதலில் அனுப்பியவர் யார் என்று போலீஸ் கேட்பது அராஜகம் அல்ல. நியாயமான கேள்வி.

சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆரம்பித்த வழக்கு

அதே 2018-இல், சமூக வலைதளக் கணக்குகளோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று கேட்டு ஆன்டனி கிளமென்ட் ரூபின், ஜனனி கிருஷ்ணமூர்த்தி ஆகியோர் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். ஆன்லைன் அவதூறு, தொல்லைக்கு முடிவு கட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆதார் இணைப்பை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் விசாரணை அதைவிடப் பெரிய இடத்துக்கு நகர்ந்தது: வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும் என்றார் சென்னை ஐஐடி பேராசிரியர் வி.காமகோடி. இப்போது அந்த ஐஐடியின் இயக்குநர். அவர் யோசனை எளிமையானது. ஒரு மெசேஜ் உருவாகும்போதே, எழுதியவரின் எண்ணையும் அதோடு ஒட்டிவிட வேண்டும். எத்தனை பேர் ஃபார்வர்ட் செய்தாலும் அந்த எண் கூடவே பயணிக்கும். எண் எல்லோருக்கும் தெரிய வேண்டாம் என்றால் அதைப் பூட்டி, சாவியை வாட்ஸ்அப் வைத்துக்கொள்ளலாம். நீதிமன்றம் கேட்டால் திறக்கலாம். உள்ளடக்கத்தை யாரும் படிக்கத் தேவையில்லை.

இதை மும்பை ஐஐடி பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் எதிர்த்தார். இது குற்றவாளியைப் பிடிக்கவும் உதவாது, மற்றவர்களின் தனியுரிமையையும் கெடுக்கும் என்பது அவர் நிலை. யோசித்துப் பாருங்கள்: வந்த வீடியோவை ஃபார்வர்ட் செய்யாமல், டவுன்லோட் செய்து புதிதாக அனுப்பினால் முதல் ஆள் நீங்கள் ஆகிவிடுவீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் அப்படியே. முகநூலில் பார்த்ததைப் பதறிப்போய் வாட்ஸ்அப்பில் போட்ட செக்கிங் அக்கா "முதலில் அனுப்பியவர்" ஆவார். வீடியோவைத் தயாரித்தவர் வேறெங்கோ இருப்பார்.

இன்னொரு சங்கடம் இதைவிடப் பெரியது. நாளைக்கு எந்த மெசேஜ் வதந்தியாகும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆகவே குட் மார்னிங் முதல் அந்தப் பெண்ணின் புகார் வரை, எல்லோருடைய எல்லா மெசேஜிலும் அடையாளம் ஒட்டியாக வேண்டும். கஸ்டம்ஸ் ஒரு கண்டெய்னரைத் திறப்பதற்கும், எல்லா கண்டெய்னருக்கும் ஒரே மாற்றுச் சாவி செய்து ஒரு அலமாரியில் மாட்டி வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. சாவி ஒன்று இருந்தால் அதை நல்லவர்கள் மட்டும் எடுப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

பேஸ்புக் நிறுவனம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு அங்கே மாற்றப்பட்டது. தீர்ப்பு வருவதற்குள் மத்திய அரசு வேறு வழியில் வந்தது. 2021 பிப்ரவரி 25-இல் வெளியிட்ட ஐடி விதிகளில் 4(2) என்று ஒரு விதி. 50 லட்சத்துக்கு மேல் பயனாளர்கள் உள்ள மெசேஜிங் நிறுவனம், நீதிமன்ற உத்தரவோ ஐடி சட்டம் 69-வது பிரிவின் கீழான உத்தரவோ வந்தால், முதலில் அனுப்பியவரைக் காட்டும் வசதி வைத்திருக்க வேண்டும். முதல் ஆள் வெளிநாட்டில் இருந்தால், இந்தியாவில் முதலில் அனுப்பியவரே முதல் ஆள். அந்த 69-வது பிரிவு ஏற்கனவே கடுமையானது. மெசேஜைத் திறக்க உதவ மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. ஆனால் தன்னிடம் இல்லாத சாவியை நிறுவனம் எப்படித் தரும்?

2021 மே மாதம் வாட்ஸ்அப் இந்த விதியை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் சொன்ன தீர்ப்புதான் அதன் முக்கிய ஆயுதம். என்கிரிப்ஷனை உடைக்கச் சொன்னால் வாட்ஸ்அப் இந்தியாவில் இருக்க முடியாது என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் சொன்னார். 40 கோடிக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பயன்படுத்தும் ஆப் அப்படிச் சொல்வதில் கொஞ்சம் மிரட்டலும் உண்டு. ஆனால் வெளிநாட்டில் இப்படி நடந்தும் இருக்கிறது: பிரிட்டன் அரசு கேட்டதையடுத்து, ஐகிளவுடுக்கான உச்சபட்சப் பூட்டு வசதியை 2025 பிப்ரவரியில் அந்த நாட்டில் ஆப்பிள் நிறுத்திக்கொண்டது.

உடைக்காமலேயே பிடிக்க முடிந்ததா?

2023 திருப்பூர் விவகாரத்தில் முடிந்தது. பொய் வீடியோக்களும் செய்திகளும் ட்விட்டரிலும் யூடியூபிலும் செய்தித் தளங்களிலும் பகிரங்கமாகவே போடப்பட்டிருந்தன. அதை வைத்துத் தமிழ்நாடு போலீஸ் வழக்குகள் போட்டது. வெளிமாநிலங்களுக்குத் தனிப்படைகள் போயின. ஜார்க்கண்டைச் சேர்ந்த ஒருவரைத் திருப்பூர் போலீஸ் கைது செய்தது. பீகார் யூடியூபர் மணீஷ் காஷ்யப் கைதாகித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் மீது போட்ட தேசியப் பாதுகாப்புச் சட்டக் காவலை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பின்னர் ரத்து செய்தது. அது தனிக் கதை. வாட்ஸ்அப் பூட்டை உடைத்து யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. தனியுரிமையைக் குறைவாகப் பாதிக்கும் வேறு வழி இருந்தால் முதல் ஆளைக் காட்டும் உத்தரவு போடக் கூடாது என்று அதே 4(2) விதியும் சொல்கிறது.

2018-இல் வாட்ஸ்அப் இந்தியாவில் ஃபார்வர்டை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு என்று குறைத்தது. பல கை மாறிய மெசேஜை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும் என்பது 2020 ஏப்ரலில் வந்தது. இதற்கெல்லாம் யார் மெசேஜையும் படிக்கத் தேவைப்படவில்லை. வதந்தி நிற்கவில்லைதான், ஆனால் வேகத்துக்குத் தடை போட முடிகிறது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலில் செட்டிங்ஸில் 'லிங்க்டு டிவைசஸ்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். தெரியாத கம்ப்யூட்டரோ போனோ இருந்தால் உடனே லாக் அவுட். பிறகு 'சாட் பேக்கப்' உள்ளே போய் எண்ட்-டு-எண்ட் பேக்கப்பை ஆன் செய்யுங்கள். அந்த பாஸ்வேர்டை மறந்தால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டால், உங்கள் சிம்மை வேறு ஒருவர் வாங்கினாலும் கணக்குக்குள் எளிதில் நுழைய முடியாது. சிம்மை மாற்றினால் 'சேஞ்ச் நம்பர்' மூலம் கணக்கையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

தொல்லையைப் பற்றிப் பேசுபவர்கள் 'டிஸ்அப்பியரிங் மெசேஜ்' பயன்படுத்துவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். நாளை புகார் கொடுக்க அதே மெசேஜ்தான் ஆதாரம். வந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. கூட வேலை செய்பவர் கையில் போன் போகாமல் இருக்க, அந்த சாட்டை மட்டும் 'சாட் லாக்' போட்டு மறைக்கலாம்.

ஏற்றுமதியாளர்களுக்கு இன்னொன்று. "எங்க பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சு, இந்தத் தடவை பேமென்ட்டை இதுக்கு அனுப்புங்க" என்று நீங்கள் அனுப்பியது போலவே பையருக்கு ஒரு மெயில் போகும். சாதாரண மெயிலுக்கு எண்ட்-டு-எண்ட் பூட்டு கிடையாது. மெயில் கணக்குக்குள் புகுந்தவர் மாதக்கணக்கில் பேச்சைப் படித்துவிட்டு, பணம் கைமாறும் நாளில் மட்டும் வாயைத் திறப்பார். வாட்ஸ்அப்பில் வழியில் புக முடியாது. ஆனால் வேறு எண்ணில் உங்கள் லோகோவைப் போட்டு ஆள் மாறாட்டம் செய்யலாம். செட்டிங்ஸில் 'செக்யூரிட்டி நோட்டிஃபிகேஷன்ஸ்' ஆன் செய்து வைத்தால், எதிராளியின் சாவி மாறும்போது சாட்டில் ஒரு வரி வரும். அவர் போன் மாற்றியிருக்கலாம், வேறு யாரோ அவர் கணக்கைப் பிடித்திருக்கவும் செய்யலாம். அந்த வரி வந்த நாளில் அக்கவுன்ட் எண் மாற்றம் பற்றியும் மெசேஜ் வந்தால், ஏற்கனவே பேசிப் பழகிய எண்ணுக்கு போன் போட்டுக் குரலைக் கேட்ட பிறகுதான் பணத்தை அனுப்ப வேண்டும். பையரிடமும் இதையே முன்கூட்டிச் சொல்லி வைக்கலாம். பெரிய ஆர்டர் என்றால், சாட்டில் அவர் பெயரைத் தொட்டு 'என்கிரிப்ஷன்' பகுதியில் வரும் 60 இலக்க எண்ணை வீடியோ காலில் இருவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் ஒரே எண் இருந்தால் நடுவில் யாரும் இல்லை. அதற்கு இரண்டு நிமிடம் போதும்.